இறங்காத நீர்

உலோகத் தகட்டைத் தண்ணீரிலிருந்து தூக்கினால் நீர் வழிந்து இறங்கி, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் மட்டும் ஒட்டி நிற்கும். அன்றைக்கு அது இறங்கவில்லை, ஏறியது.

ஆய்வுக்கூடத்தில் குவளைகளைக் கழுவி நீர் நிரப்பித் தருகிறவன் அவன். பம்புகள் ஓயாமல் இரைய, சூடேறிய ரப்பர் வாடை மூக்கை அடைக்க, ஆய்வு நடத்தும் மேடத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று கேமராத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். துகள்களைச் சுழற்றும் பெரிய வளையத்திலிருந்து வரும் எக்ஸ் கதிர் அந்தப் படலத்தில் பட்டால் எலெக்ட்ரான்கள் தெறிக்கும். உலோகமும் நீரும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் என்ன நடக்கிறதென்று அவை பக்கத்துத் திரையில் கோடுகளாக எழும்பிச் சொல்லும். நின்று பார்த்தே அவ்வளவு தெரிந்துவைத்திருந்தான்.

“கார்பன் கோடு இப்படி ஏறுது! எந்த மகராசன்யா எண்ணெய்க் கையால தொட்டது?”

“நான் கையுறை போட்டிருந்தேன் மேடம்.”

உறை கிழிந்திருந்தது. தகடு சாய்ந்திருந்ததால் விரலால் ஒரு தட்டுத் தட்டி நிமிர்த்தியிருந்தான். மாற்றுத் தகடு கேட்டால் வாங்கிக்கட்டிக்கொள்ள வேண்டும்.

“உலோகத்தோட கோடே காணோம்.” மேடத்தின் குரலில் இப்போது கேலி இல்லை. “கதிரை நிறுத்திட்டேன். படலம் இன்னும் தடிக்குதே…”

அவன் விரலைப் பார்த்தான். ஈரம். சட்டையில் துடைத்தான். சட்டை நனையவில்லை, விரல் காயவில்லை. மணிக்கட்டுவரை மினுமினுப்பு ஏறியிருந்தது. அதற்குக் கீழே குளிரும் இல்லை, சூடும் இல்லை; கையே இல்லாதது போல.

ஐயோ, பாப்பா.

வேலை முடிகிற நேரம். மனைவி மகளோடு வாசலில் நிற்பாள். அந்தக் கையைப் பிடித்துத் தொங்கினால்தான் மகளுக்குச் சாயங்காலம்.

பின்வாசல் வழியே நழுவினான். முன்கதவு பூட்டியிருந்ததென்று அவர்களும் அங்கேதான் வந்து நின்றிருந்தார்கள்.

“கிட்ட வராதீங்க! அவளைப் பிடிடி!”

“என்னங்க, பேயறைஞ்ச மாதிரி…”

கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். மகளுக்கு அது விளையாட்டு. சுற்றிக்கொண்டு ஓடினாள்.

“என்னப்பா ஒளிச்சு வச்சிருக்கே? எனக்குத் தா!”

பிடித்தாள்.

உதறினான். விடவில்லை. அவளா, அதுவா, தெரியவில்லை. மினுமினுப்பு அவள்மேல் ஏறியது. முழங்கை. தோள். கழுத்து.

மகள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதட்டுக்கு உதடு மெல்லிய படலம் ஒன்று பளபளத்தது. மூச்சுக்கு மூச்சு உள்ளே குழிந்தது, வெளியே புடைத்தது, கிழியவில்லை.