வர்க்கி மணக்கும் புத்தகங்கள்

“செல்லக்கண்ணு! இங்க வா!”

அடுப்பில் கொதித்த வரக்காப்பியை அப்படியே விட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி முன்னறைக்கு ஓடி வந்தாள் செல்லக்கண்ணு. கண்ணாடி பீரோ திறந்து கிடந்தது. முன்வரிசைப் புத்தகங்களை அவள் புருஷன் வேலுசாமி தரையில் இறக்கியிருந்தார். பின்வரிசை... வெறும் பலகை!

“என்ற புத்தகமெல்லாம் எங்கே?”



வேலுசாமி குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை உலர்த்தும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். துரைமார் பங்களாவைக் காலி செய்துகொண்டு கப்பலேறிய காலத்தில், மற்றவர்கள் நாற்காலியையும் பீங்கானையும் ஏலம் எடுக்க, அவர் பழைய தொழில் புத்தகங்களாக எடுத்தார். அவுரி ஊறவைத்துச் சாயம் இறக்குவது, சிங்கோனாப் பட்டை உரிப்பது, மெழுகுவத்தி வார்ப்பது... எல்லாம் படம் போட்டு அச்சடித்த தடித்தடிப் புத்தகங்கள். ‘கிறுக்கன்’ என்று ஊர் சிரித்தது. அவற்றைப் பார்க்கவென்றே கோயமுத்தூரிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியர் இன்று மதியம் வருகிறார். இத்தனை வருஷத்தில் முதல் ஆள்!

“அவ எங்க வாயைத் தொறப்பா? நான் சொல்றேன் கேளு!” என்று வந்தாள் வேலுசாமியின் அக்கா கருப்பம்மாள். “விடிகாலையில கோயிலுக்குன்னு போறா. கோயிலுக்கு எதுக்கு அத்தாம்பெரிய பை? கண்ணாலப் பொடவையையும் பொட்டியில காணோம். எல்லாம் எடைக்குப் போயிருக்கும்டா தம்பி! கடலை மடிக்கிற காயிதமாப் போயிருக்கும்!”

“வித்துப்போட்டியா?” வேலுசாமி கத்தவில்லை. குரல் உடைந்திருந்தது. அதுதான் அவளை அறுத்தது.

“ஐயோ, விக்கலீங்க...”

“பின்னே எங்கே?”

எப்படிச் சொல்வாள்? வேலனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாளே!

வேலன், வேலுசாமியின் தம்பி. கீழ் பஜாரில் மொறுமொறு வர்க்கி ரொட்டி சுடும் பேக்கரி வைத்திருக்கிறான். விறகடுப்பு கட்டும் முறை சொல்லும் புத்தகம் ஒன்றைக் கேட்காமல் எடுத்து, மாவுக் கையோடு புரட்டிவிட்டான் என்று மூண்ட சண்டையில் வீட்டைவிட்டே போனவன். அவன் வாசலை யாரும் மிதிக்கக் கூடாது என்பது அண்ணனின் உத்தரவு.

“திருடின்னு பேரெடுத்துட்டு இந்த ஊட்டுல எப்படீங்க இருப்பேன்? எங்கம்மா ஊட்டுக்கே போயிக்கறனுங்க...” கொடியில் கிடந்த சேலையைப் பையில் திணித்துக்கொண்டு செல்லக்கண்ணு நடைக்கு வந்தாள்.

வாசலில் மழையில் நின்றான் வேலன். தோளில் வர்க்கி அடுக்கும் பெரிய தகரப் பெட்டி. படி ஏறவில்லை.

“காலையில எடுத்துட்டுப் போக வாரேன்னீங்க, காணோம். அதான் நானே கொண்டாந்தனுங்க அண்ணி.” பெட்டியைப் படியில் வைத்துத் திறந்தான். உள்ளே நீலப் பட்டுத் துண்டுகளில் குழந்தை போலச் சுற்றிய புத்தகங்கள்! கருப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அது செல்லக்கண்ணுவின் கல்யாணப் புடவை.

“பின்வரிசை பூராப் பூசணமுங்க அண்ணா. நாத்தம் வருதேன்னு அண்ணிதான் சாவியெடுத்துத் தொறந்து பாத்தாங்க. பை பையாக் கொண்டாந்து, என்ற அடுப்புக்கு மேல பரண்ல காய வெச்சு, ஏடு ஏடா பஞ்சுல தொடச்சாங்க. என்ற கை பட்டதுன்னா நீங்க தொட மாட்டீங்கன்னு, சொல்ல வேண்டாம்னு நான்தான் வாக்கு வாங்குனேன்.”

“பூசணமா? ஒரு இடுக்கு விடாம தார்க் காயிதம் ஒட்டி, மழைக்காலம் பூராப் பூட்டி வெச்சனே...”

வேலுசாமி சட்டென்று நின்றார். பச்சை இலையைக் காற்றில்லாமல் குவித்தால் ஃபேக்டரியே அதிரக் கத்துபவர் அவர். ‘மூடி வெச்சா வெந்து அழுகிப்போயிரும்டா!’ மெல்லப் போய் பீரோவின் பின்பலகையைத் தொட்டார். விரல் நனைந்தது.

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல செல்லக்கண்ணு?”

“உங்க கையால பூட்டுனதுங்க... அதுலயே கெட்டுப்போச்சுன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீங்க. அதுக்கு என்னைத் திட்டுறது தேவலைன்னு...”

மேலே இருந்த புத்தகத்தை எடுத்தார். விறகடுப்புப் புத்தகம். பூசணம் துளியுமில்லை. ஒரு ஏட்டின் ஓரத்தில் மட்டும் பழைய மாவுக் கைரேகை அப்படியே இருந்தது. அதைத் துடைக்க அவளுக்கு மனம் வந்திருக்கவில்லை. அந்த ரேகைமேல் வேலுசாமியின் கண்ணீர் சொட்டியது.

“உள்ள வாடா...”

“நீங்க கூப்புடாட்டியும் அண்ணியைப் போக விட்டிருக்க மாட்டனுங்க,” என்றவன் அண்ணனைக் கட்டிக்கொண்டு அழுதான்.

“ஈரத்தோட புத்தகத்துமேல உழுந்துறாதீங்கடா!” கருப்பம்மாள் அதட்டிவிட்டு, செல்லக்கண்ணுவின் கையிலிருந்த பையைப் பிடுங்கினாள். “நீ உள்ள போ ஆத்தா... என்ற நாக்குக்குத்தான் சூடு வெக்கோணும்.”

மதியம் பேராசிரியர் ஒரு புத்தகத்தை விரித்தார். மூக்கை உறிஞ்சினார். “என்னங்க இது, வர்க்கி வாசம் அடிக்குது?”

“அதை இவங்களைத்தான் கேக்கோணும்,” என்ற வேலுசாமி, கதவோரம் நின்றவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. நீங்களே சொல்லுங்க.”

ஊரெல்லாம் தன்னைக் கிறுக்கன் என்றபோதும் தலைகுனியாத அந்த மனுஷர், அவளை முதல்முறையாக ‘ங்க’ போட்டு அழைத்தார். செல்லக்கண்ணு உட்கார்ந்தாள். மாவுக் கைரேகை இருந்த ஏட்டை விரித்துப் பேராசிரியர் பக்கம் நகர்த்தினாள். பின்னால், தார்க் காகிதம் கிழித்த பீரோ கதவு காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.