முதலாளி தூங்க மாட்டேன் என்கிறார்

என் தம்பிக்கு ஒன்பது மாதம். வீட்டில் அவனுக்கு முதலாளி என்று பெயர். அவன் ஒரு வேலையும் செய்ய மாட்டான். நாங்கள் மூன்று பேரும் அவனுக்காக ஓடி ஓடி வேலை செய்வோம். வேறு என்ன பெயர் வைப்பது, சொல்லுங்கள்?

மாலை நான்கு மணி ஆனால் முதலாளிக்குத் தூக்கம் வரும். கண்ணைக் கசக்குவான், காதைப் பிடித்து இழுப்பான், கொட்டாவி விடுவான். ஆனால் தூங்க மட்டும் மாட்டான். நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். சமையலறைக் கதவிலிருந்து பால்கனிக் கதவு வரை போய் வந்தால் ஒரு நடை. அப்படி எழுபது நடை! சும்மா நடந்தாலும் போதாது, பதினாறாம் வாய்ப்பாடு வேறு சொல்ல வேண்டும். ஒருநாள் மாற்றிப் பதினேழாம் வாய்ப்பாடு சொன்னேன். தலையைத் தூக்கி என்னை முறைத்தான்.

அம்மாவால் நடக்க முடியாது. அம்மா திரைச்சீலை தைப்பவர். ஒரு விடுதியின் நாற்பது ஜன்னல்களுக்கு வெள்ளிக்கிழமைக்குள் தைத்துக் கொடுத்தாக வேண்டும். கூடம் முழுக்கத் துணி விரிந்து கிடந்தது. முதலாளி விழித்திருந்தால் துணிமேல் தவழ்ந்து போய் நேராகக் குண்டூசி டப்பாவில்தான் கை வைப்பான். அவன் தூங்கினால்தான் அம்மாவின் தையல் மெஷின் ஓடும். அப்பா பஸ் ஓட்டுகிறார். வேலை நாட்களில் வீட்டுக்கு வர ஏழு மணி ஆகிவிடும். ஆக, மாட்டிக்கொண்டது நான்.

சரி, எழுபது நடை நடந்து தூங்க வைத்தாயிற்று. அதோடு முடிந்ததா? எங்கே! மூச்சைப் பிடித்துக்கொண்டு, முட்டையை வைப்பது போல அவனைக் கம்பி போட்ட குட்டிக் கட்டிலில் வைப்பேன். நுனிக்காலில் கதவு வரை போவேன். மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். "வீல்!" என்று ஓர் அலறல் கேட்கும். மறுபடியும் முதல் நடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இதில் போனது என் ஓட்டம். பள்ளியின் தொடர் ஓட்ட அணியில் கடைசிச் சுற்று ஓடுகிறவள் நான்தான். பயிற்சி நான்கரை மணிக்கு, எதிர்த்தெரு மைதானத்தில். இரண்டு பயிற்சிக்கு நான் போகவே இல்லை.

"உன் தம்பி கதையெல்லாம் எனக்கு வேண்டாம்," என்றார் விளையாட்டு டீச்சர். "புதன்கிழமை நீ வரலேன்னா, உன் இடத்துல வேற ஒருத்தி ஓடுவா. அவ்வளவுதான்."

அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

"நான் என்னடி பண்றது?" என்றார் அம்மா, வாயில் நூலைக் கடித்தபடி. "எனக்கு என்ன நாலு கையா இருக்கு? அவன் தூங்கட்டும், நீ தாராளமாப் போ."

அவன் தூங்கட்டுமாம்! நல்ல நியாயம்!

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பாதி நாள்தான் வேலை. பக்கத்து ஊரில் ஒரு வீட்டுக்குத் திரைச்சீலை கொடுக்க வேண்டியிருந்தது. அப்பாவின் பஸ்ஸிலேயே போய்க் கொடுத்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்ததுதான் தெரியும். வாரம் முழுக்க நடந்த களைப்பு, அப்படியே தூங்கிப்போனேன்.

கண்ணைத் திறந்தால் பஸ்ஸைக் காணோம்! ஒரு மர பெஞ்சில் படுத்திருந்தேன். எதிரே பெரிய மீசைக்காரர் ஒருவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பாஆஆ!"

நான் போட்ட கூச்சலில் மீசைக்காரர் டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். வெளியே டீசல் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா பாய்ந்து வந்தார்.

"என்னம்மா ஆச்சு? ஏன் இப்படிக் கத்தற?"

"நான் எங்க இருக்கேன்? யாரு இவரு?"

"டிப்போல இருக்கோம். இவரும் டிரைவர்தான். நல்லாத் தூங்கிட்டு இருந்தியேன்னு அலுங்காமத் தூக்கிட்டு வந்து படுக்க வெச்சேன்."

"சொல்லிட்டுப் படுக்க வெக்கக் கூடாதா?"

"தூங்கறவகிட்ட எப்படிம்மா சொல்றது?"

"அதுக்காக? பஸ்ல தூங்கினா பஸ்லதானே முழிக்கணும்? கண்ணைத் திறந்தா வேற எங்கயோ இருந்தா யாருக்கும் பயமா இருக்காதா? நான்னா கத்தினதோட விட்டேன், இதுவே ஒரு சின்னக் குழந்தையா இருந்தா..."

அங்கேயே என் வாய் நின்றுவிட்டது. ஒரு சின்னக் குழந்தைக்கு நான் தினமும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்? என் தோளில் தூங்குகிறான். கண்ணைத் திறந்தால் கட்டிலில் இருக்கிறான். தோளையும் காணோம், என்னையும் காணோம். பாவம், அலறாமல் என்ன செய்வான்?

"அப்பா, சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்," என்றேன்.

அன்று நான்கு மணிக்கு அவனைத் தூக்கி ஐந்தே நடை நடந்தேன். கண் செருகத் தொடங்கியதும், அவன் தூங்குவதற்கு முன்பே கட்டிலில் படுக்க வைத்தேன்.

"இது உன் கட்டில். நீ இங்கதான் தூங்கப் போற. நான் பக்கத்துலதான் இருக்கேன், சரியா?"

சரியா? ஊரே கூடும்படி கத்தினான். கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். நான் அவனைப் படுக்க வைத்தேன். அவன் எழுந்தான். மறுபடியும் படுக்க வைத்தேன். கம்பி வழியே கையை விட்டுத் தட்டிக்கொடுத்தேன், ஆனால் தூக்கவில்லை.

அவனைக்கூடச் சமாளித்துவிடலாம், பெரியவர்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. அப்பா மூன்று முறை வாசற்படியில் வந்து நின்றார்.

"புள்ள பாவம்மா. நான் கொஞ்சம் தூக்கிக்கட்டுமா?"

"நான் பாவமில்லையா? போங்கப்பா! போய் அம்மாவுக்கு நூல் கோத்துக் குடுங்க!"

நாற்பது நிமிடம் ஆயிற்று. கடைசியில் முனகிக்கொண்டே தூங்கினான். பத்தாவது நிமிடம் வழக்கம்போல அசைந்து, கண்ணைத் திறந்தான். அவன் கம்பியைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான். எல்லாம் விட்ட இடத்திலேயே இருந்தன. "ம்ஹூம்," என்று ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டான். நான் சத்தமில்லாமல் குதித்தேன்.

திங்கள்கிழமை இருபத்தைந்து நிமிடம். கோபத்தில் காலுறையைக் கழற்றி என் மூக்கின்மேல் எறிந்தான். செவ்வாய்க்கிழமை பத்தே நிமிடம்தான், ஆனால் என் சுண்டுவிரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு தூங்கினான். கையை உருவ நினைத்தால் உடனே முகம் சுருங்கியது. ஐந்து மணி வரை குனிந்தபடியே நின்றேன். முதுகு போயே போய்விட்டது.

புதன்கிழமை வந்தது. நாலேகாலுக்குப் படுக்க வைத்தேன். சிணுங்கினான். விரலைக் கேட்டுக் கையை நீட்டினான். கொடுத்தால் போச்சு, இன்றைக்கும் ஓட்டம் கிடையாது. என்ன ஆனாலும் ஆகட்டும் என்று அவன் வயிற்றை ஒருமுறை தட்டினேன்.

"அக்கா ஓடப் போறேன். அம்மா பக்கத்துலயே இருக்காங்க. நீயே தூங்கிடுவ. உனக்குத் தெரியும்."

இரண்டடி பின்னால் வந்தேன். சிணுங்கல் கூடியது. அம்மா மெஷினை நிறுத்தினார். நான் ஓடிப்போய்த் தூக்கிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு கதவருகே நின்றேன்.

முதலாளி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். கட்டை விரலை வாயில் வைத்தான். பிறகு புரண்டு, எனக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான். சிணுங்கல் நின்றது.

"பாத்தியாம்மா?" என்று கிசுகிசுத்தேன். "இத்தனை நாள் தூக்கிச் சுமந்தேன். திரும்பிக்கூடப் பாக்கலை! கொஞ்சமாவது நன்றி இருக்கா இவனுக்கு?"

"வேணும்னா எழுப்பித் தரேன், இன்னும் எழுபது நடை நடக்கறியா?"

"ஐயோ, வேண்டாம் தாயே!"

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கினேன். நான்கரை அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது மைதானத்துக்குள் நுழைந்தேன். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கடைசிச் சுற்றுக்குப் போய் நில்லு," என்றார்.

தொடர் ஓட்டக் கோலைக் கையில் வாங்கியதும் ஒரே ஓட்டமாக ஓடினேன். தோளில் யாரும் இல்லாமல் ஓடுவது எவ்வளவு சுகம் தெரியுமா!