வரிக்கு நடுவில் ஈயம்

அன்று புத்தூர் அச்சகத்தில் இருந்தவர்கள்: அச்சகக்காரர் வேதாச்சலம், அவர் மகள் அம்சவேணி, தமிழ்த் தெரு சார்பில் பாலசுந்தரம், தெலுங்குத் தெரு சார்பில் சிட்டிபாபு, ஒரு பூனை. பூனை மட்டும் சண்டை போடவில்லை.

ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லை பிரிக்கிற நேரம் அது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று பெரியவர்கள் எல்லாரும் சூடாக இருந்தார்கள். பள்ளிக்கூட நாடகத்துக்காக இரண்டு தெருவும் சேர்ந்து ஒரே நோட்டீஸ் அடிக்க வந்ததே பெரிய விஷயம். நாடகத்தில் அம்சவேணிதான் புலி.

பாலசுந்தரம் மாதிரித் தாளை விரலால் அளந்தார்.

"தமிழ் நாலு வரிக்கு மூணு விரல். தெலுங்கு நாலு வரிக்கு நாலு விரல்! காயிதத்துலயும் எல்லையைத் தள்ளிட்டீங்களா?"

"ஏமய்யா, நானா தள்ளினேன்?" என்றார் சிட்டிபாபு.

"சரி பண்ணலைன்னா நாடகமே வேணாம்."

அம்சவேணி குறுக்கே புகுந்தாள். புலிக்கு வால்கூடத் தைத்தாகிவிட்டது.

"அது லெட்டு, மாமா!"

"லெட்டா?"

அடுக்கிய அச்செழுத்து வரிகளின் நடுவிலிருந்து ஒரு மெல்லிய பட்டையை அவள் உருவிக் காட்டினாள். "இது ஈயம். ஈயத்துக்கு இங்கிலீஷ்ல லெட். வரிக்கு நடுவுல இதைச் செருகித்தான் இடம் விடுவோம். அதனால அந்த இடத்துக்கே லெட்டிங்னு பேரு."

"தமிழுக்கு ஏன் செருகலை?"

அம்சவேணி தெலுங்கு வரிகளில் இருந்த பட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். "நைனா, இப்ப ஒரு தாள் போடு."

தெலுங்கில் பல எழுத்துக்குக் கீழே இன்னொரு குட்டி எழுத்து தொங்கும். அச்சாகி வந்த தாளில் அவை எல்லாம் அடுத்த வரியின் தலையில் போய் இடித்துக்கொண்டு நின்றன.

சிட்டிபாபு கண்ணைச் சுருக்கினார். "ஏமிம்மா இது? எறும்புக் கூட்டமா?"

பாலசுந்தரம் சிரித்துவிட்டார். உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். "சரி, அவங்களுக்குப் போடு. எங்களுக்கும் போடு."

"தாள்ல இடம் பத்தாது," என்றார் வேதாச்சலம். "நாடகம் எங்கேன்றதை எடுத்துடலாமா?"

அம்சவேணி தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"இந்தப் பக்கம் தமிழ், அந்தப் பக்கம் தெலுங்கு. ரெண்டுக்கும் லெட்டு."

"எது முன்பக்கம்?" என்றார் சிட்டிபாபு மெதுவாக.

"வாங்கறவங்க எதை முதல்ல பாக்கறாங்களோ, அது."

பாலசுந்தரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குற்றம் எதுவும் கிடைக்கவில்லை.

"அடி," என்றார்.

வேதாச்சலம் நேரத்தை வீணாக்கவில்லை. இருவரையும் தோளைப் பிடித்து வாசலுக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்.

பாலசுந்தரம் படியில் நின்று திரும்பினார். "இருய்யா, எழுத்து சைஸு..."

வேதாச்சலம் கதவைச் சாத்தி, உள்பக்கம் பூட்டினார்.