பூட்டிய கொட்டகையில் ஐமோவின் பைக்

ஹில்க்கா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. சனெல்மாவின் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்ததும் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"செத்துப்போன என் வீட்டுக்காரர் மாசாமாசம் வந்து பைக்கைப் பார்த்துட்டுப் போறாரு. வர்றது அவர்தானா, இல்ல எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சான்னு நீங்க சொல்லணும்."

சனெல்மா நிதானமாகக் காப்பி ஊற்றினாள். காப்பீட்டுக் கம்பெனிக்காக விபத்துகளைத் துருவித் துருவியே தலை நரைத்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவளை விடுவதாக இல்லை. அடுப்பருகே நின்ற டாக்சிக்கார ஒஸ்காரி காதைத் தீட்டிக்கொண்டான். அவள் போகிற இடத்துக்கெல்லாம் வண்டி ஓட்டுகிறவன். துப்புத் துலக்குவதில் தானும் பாதிப் பங்காளி என்பது அவன் நினைப்பு.

ஹில்க்காவின் கணவன் ஐமோ நவம்பரில் ஏரியின் புதுப் பனிக்கட்டிமேல் நடந்து மீன் பிடிக்கப் போனான். பனிக்கட்டி உடைந்து தண்ணீருக்குள் போய்விட்டான். வசந்தத்தில் ஏரி உருகினால்தான் உடல் கிடைக்கும் என்று போலீஸ் கைவிரித்துவிட்டது. பைக்கை அவன் அக்டோபரிலேயே குளிர்காலத்துக்கு மூடி வைத்திருந்தான். டாங்க் நிறையப் பெட்ரோல், புது ஆயில், எலி புகாமல் புகைக்குழாயில் துணி. நின்ற இடத்திலேயே நின்றால் டயர் அழுந்தித் தட்டையாகிவிடும் என்று மாதம் ஒருமுறை வண்டியைக் கொஞ்சம் உருட்டி வைப்பது அவன் வழக்கம்.

அவன் போன பிறகும் சக்கரம் உருண்டது. தூசி தட்டப் போகும்போதெல்லாம் ஹில்க்கா கவனித்தாள். காற்றடிக்கும் மூக்கு கிறிஸ்துமஸில் மேலே இருந்தது, பிறகு பக்கவாட்டில், இப்போது கீழே. கொட்டகைக்கு ஒரே சாவி. அது அவள் கழுத்துச் சங்கிலியில் கிடந்தது. கதவுக்கு முன்னால் பனியில் அவள் காலடியைத் தவிர வேறு தடமே இல்லை.

மகள் ரைலி பயந்துபோய் ஊலு நகரத்திலிருந்து ஓடி வந்திருந்தாள். திங்கட்கிழமை டாக்டரிடம் காட்டுவது, வீட்டை அடைத்துவிட்டு அம்மாவைக் கையோடு கூட்டிப்போவது என்று முடிவும் செய்துவிட்டாள்.

"அவர் வந்துபோற வீட்டை விட்டுட்டு நான் எங்க போவேன்?" என்றாள் ஹில்க்கா.

சனிக்கிழமை சனெல்மாவும் ஒஸ்காரியும் ஹில்க்காவின் வீட்டுக்குப் போனார்கள். பைக் கொட்டகையும் விறகுக் கொட்டகையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நடுவில் பலகைச் சுவர். பக்கத்து வீட்டுக் கலெர்வோ கை நிறைய விறகோடு விறகுக் கொட்டகையிலிருந்து வெளியே வந்து தலையசைத்துவிட்டுப் போனான். இரண்டு வீட்டுக்கும் ஒரே சௌனா. அந்த நீராவி அறையை ஐமோவும் அவனும் சனிக்கிழமைதோறும் சூடாக்குவார்கள். ஐமோ போன பிறகு, யாரும் கேட்காமலே, அதை அவன் ஒருவனே செய்தான்.

பைக்கின்மேல் கிடந்த போர்வையை விலக்கியதும் ஆயில் வாசனை எழுந்தது. அப்போதுதான் யாரோ துடைத்துவிட்டு எழுந்து போனதைப் போல் இருந்தது. ஒஸ்காரி தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றிவிட்டான். சங்கிலியில் புது ஆயில் மின்னியது. புகைக்குழாயில் துணி அப்படியே இருந்தது. அதன்மேல் சிலந்தி வலை.

"அக்கா, அந்த ஆள் சாகவே இல்லை," என்று கிசுகிசுத்தான் ஒஸ்காரி.

"உயிரோட இருந்தா முதல்ல காப்பி குடிக்க வந்திருப்பான்."

"அப்போ மகள்தான். அம்மாவைப் பைத்தியமாக்கப் பார்க்கிறா."

"பயமுறுத்த வந்தவ எஞ்சினை உறும விட்டிருப்பா. இங்க வந்த ஆள் வண்டியைக் கிளப்பவே இல்லை. குளிர்ல கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தினா உள்ள ஈரம் கட்டும்னு தெரிஞ்ச கை இது."

வெளியே வந்தபோது ஹில்க்கா முனகினாள். அவர் போனதிலிருந்து சௌனாவும் சரியில்லை, விறகு சீறுகிறது, புகைகிறது, சூடே ஏறுவதில்லை என்றாள். சனெல்மா சட்டென்று திரும்பி விறகுக் கொட்டகைக்குள் போய் வெகுநேரம் நின்றாள். பின்னாலேயே போன ஒஸ்காரியின் கண்ணுக்கு விறகைத் தவிர ஒன்றும் படவில்லை.

மாலையில் ஹில்க்காவின் மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்தார்கள். கலெர்வோவையும் கூப்பிட்டு அனுப்பியிருந்தாள் சனெல்மா.

"ஹில்க்கா, உங்க புத்திக்கு ஒண்ணும் ஆகலை. சக்கரம் உருண்டது நிஜம்," என்று ஆரம்பித்தாள். "பூட்டைத் திறக்காம, பனியில தடம் இல்லாம உள்ள போகணும்னா வழி ஒண்ணுதான். விறகுக் கொட்டகைப் பக்கத்துச் சுவர். இந்த ஊர்ல போன வருஷத்துக் காய்ஞ்ச விறகு தீராம இந்த வருஷத்துப் பச்சை விறகை யாரும் தொடமாட்டாங்க. இங்க வாசலோரம் காய்ஞ்சது தொடாம கிடக்கு. உள்ளே, சுவரை ஒட்டி அடுக்கின பச்சை விறகு மட்டும் குறைஞ்சிருக்கு. அதுக்குப் பின்னால ரெண்டு பலகை ஆணி கழண்டு நிக்குது."

அவள் கலெர்வோவைப் பார்த்தாள். "எடுத்த விறகைத் திரும்ப அடுக்கினா வழி அடைஞ்சுபோகும். அதனால அதையே சௌனாவுல எரிச்சீங்க, அதான் சீறிப் புகைஞ்சது. விறகு வெட்டியே வளர்ந்த நீங்க தெரியாம பச்சை விறகை எரிக்கமாட்டீங்க."

கலெர்வோ தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாவி கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே," என்றாள் ஹில்க்கா.

"கேட்டா உன் முகத்தைப் பார்க்கணுமே," என்றான் கலெர்வோ. "பனிக்கட்டி தாங்கும்னு நான்தான் அவன்கிட்ட சொன்னேன். கரையோரம் மட்டும் கடப்பாரையால குத்திப் பார்த்தேன். ஓடை கலக்கிற பக்கம் கட்டி மெலிசா இருக்கும், அங்க பார்க்கலை. அவன் அங்கதான் போவான்னு தெரியும், இருந்தும் பார்க்கலை. அவனுக்குன்னு செய்ய இந்த பைக் ஒண்ணுதான் மிச்சம் இருந்தது."

"தாங்காதுன்னு நான் சொன்னேன்," என்றாள் ஹில்க்கா மெதுவாக. "அவர் உன் பேச்சைத்தான் கேட்டாரு."

அதற்குமேல் அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று ஒஸ்காரிக்குத் தோன்றியது. கலெர்வோ எழுந்து, யாரையும் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.

ரைலி அழுதுகொண்டே அம்மாவின் கையைப் பிடித்தாள். "மன்னிச்சிடும்மா. டாக்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீ இஷ்டம்போல இங்கேயே இரு."

ஜெயித்துவிட்டோம் என்று ஒஸ்காரி நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனால் சனெல்மாவின் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஹில்க்கா ஜன்னல் பக்கம் திரும்பி, வெள்ளையாகக் கிடந்த ஏரியைப் பார்த்தாள்.

"இங்க இனிமே யாருடி வரப்போறா?" என்றாள். "என் பெட்டியை எடுத்து வை. உன்னோடயே வர்றேன்."