பாடம் செய்த காளை

கருப்பின் முன்னங்கால் குளம்புகளில் ஈர மண் ஒட்டியிருந்தது.

இருளாயியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். கீழக்குயில்குடிக்குப் போகும் சாலையில் புதிதாகத் திறந்திருந்த அந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கூடத்துக்கு ஜன்னலே கிடையாது. மானும் மயிலும் கரடியும், செத்தபின் தோலுக்குள் வைக்கோல் திணித்துப் பாடம் செய்யப்பட்டு, சாயம் பூசிய பொய்ப்புல்லின்மேல் அசையாமல் நின்றன. ஏசியின் முனகலுக்குள் பாச்சை உருண்டையும் பழந்தூசியும் கலந்த வாடை சுற்றிச் சுற்றி வந்தது. எல்லாமே காய்ந்து கிடந்த அந்த இடத்தில், கடைசி மேடையில் நின்ற அவளுடைய காளை கருப்பின் காலில் மட்டும், இப்போதுதான் வயலை மிதித்து வந்ததுபோல் செம்மண் சேறு.

“இதென்னப்பா, காலெல்லாம் சேறு?”

அவள் மகன் அழகுபாண்டி போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். “அது செட்டிங்கும்மா. நெசம் மாதிரி தெரியணும்ல? அந்த போர்டைப் பாரு, எம் பேரு போட்ருக்காங்க.”

எழுத்துக்கூட்டி வாசித்தாள். ‘ஜல்லிக்கட்டுக் காளை. வழங்கியவர்: அழகுபாண்டி, அலங்காநல்லூர்.’ கன்றிலேயே தாயை இழந்த கருப்புக்குப் பதினான்கு வருடம் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றியவள் அவள். பலகையில் பேர் இல்லாதது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. வேறொன்றுதான் எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்து அறுத்தது. காளை செத்தால் குளிப்பாட்டி, மாலை போட்டு, கொட்டடித்துச் சொந்த நிலத்தில் புதைப்பது அவர்கள் பக்கத்து வழக்கம். சாகக் கிடந்த கருப்பின் காதோரம் குனிந்து, “ஒன்னைய நம்ம கொல்லையிலதான் வைப்பேன்” என்று அவள் சொல்லியிருந்தாள். விடியும்போது அது கண்ணை மூடியது. குழி தோண்டச் சொல்லிவிட்டு மாலை வாங்கப் பஸ் ஏறினாள். திரும்பி வருவதற்குள் அழகுபாண்டி அதை லாரியில் ஏற்றி அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருந்தான். “மண்ணுக்குள்ள போட்டா புழுதான் திங்கும். அங்கன நூறு வருசம் நிப்பான்” என்றான்.

தோண்டிய குழி மூடாமலே கிடந்தது. மழை பெய்தால் தண்ணீர் தேங்கும். இத்தனை நாளும் அவன் கருப்பைப் பார்க்கக் கூப்பிட்டபோதெல்லாம் வரமாட்டேன் என்றவள், நேற்றுக் காலை அந்தக் குழியின் ஈரத்தில் குளம்புத் தடங்களைப் பார்த்தாள். உள்ளே இறங்கிய தடம். படுத்துப் புரண்ட தடம். ஏறிப் போன தடம். வீட்டில் இப்போது மாடே இல்லை. அவனிடம் எதுவும் சொல்லாமல், “நாளைக்குக் கூட்டிட்டுப் போ” என்று மட்டும் சொன்னாள்.

குனிந்து பார்த்தாள். கருப்பின் அடிவயிறு நெடுக மொத்தமான கறுப்பு நூலால் தைத்திருந்தார்கள். நாலைந்து தையல் தளர்ந்து, இடையே வைக்கோல் துருத்திக்கொண்டிருந்தது. பாச்சை உருண்டை வாடை இங்கே வரவில்லை. வேறு வாசம். பருத்திக்கொட்டைப் பாலும் எச்சிலும் கலந்து புளித்த, அசைபோடும் வாயின் வாசம். வெதுவெதுப்பாக அவள் முகத்தில் பட்டது.

“பாண்டி, வா போயிருவம்.”

“இம்புட்டு தூரம் வந்துட்டா? இரும்மா, பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்.”

தடுப்பாகக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி மேடையில் ஏறினான். கருப்பின் திமில்மேல் கையைப் போட்டான். உயிரோடு இருந்தவரை அவளைத் தவிர யாரையும் அது அத்தனை கிட்டத்தில் விட்டதில்லை.

கரண்ட் போயிற்று.

ஏசி நின்றது. பகல் மூன்று மணிக்கு அந்தக் கூடத்தில் தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு.

“பயப்படாதம்மா, ஜெனரேட்டர் போட்ருவாங்க” என்றான் அழகுபாண்டி, மேடையிலிருந்து.

அதற்குப்பிறகு அவன் பேசவில்லை.

மூச்சுச் சத்தம் கேட்டது. தன்னுடையதாக இருக்கும் என்று அவள் வாயை மூடி, மூச்சை அடக்கிப் பார்த்தாள். நிற்கவில்லை. பெரிய மார்பிலிருந்து இறங்கி வரும் மூச்சு. மேடைப் பலகைமேல் ஒரு குளம்பு இடம் மாறியது.

டொக்.

“பாண்டி?”

சாக்கைக் கவிழ்த்தாற்போல் ஏதோ சரசரவென்று தரையில் கொட்டியது. வைக்கோல். வெகுநேரம் கொட்டியது. பிறகு நகங்கள் பலகையைப் பிராண்டின. ஒருமுறை. இருமுறை. நின்றன.

அடுத்த சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம். கோணி ஊசியால் சாக்குத் தைக்கும்போது நூல் இழுபடுமே, அது.

ஒரு தையல்.

நிறுத்தம்.

இன்னொரு தையல்.

கத்த நினைத்தாள். குரல் வரவில்லை. எண்ணாமல் இருக்க நினைத்தும் பதினொன்று வரை எண்ணினாள்.

வெளிச்சம் வந்தது.

கருப்பு நின்ற இடத்திலேயே நின்றது. அதன் காலடியில் வைக்கோல் குவிந்து கிடந்தது. அழகுபாண்டி இல்லை. அப்போதுதான் அவளுக்குக் குரல் வந்தது. அலறல் கேட்டுக் காவல்காரர் விருமாண்டி ஓடிவந்தார்.

“என்னக்கா, என்ன ஆச்சு?”

“எம்மகன்... வெளிய வந்தானா?”

“இல்லையேக்கா. நான் வாசலை விட்டு நகரவே இல்ல. இருக்கிறதே அந்த ஒரு வாசல்தான்.” அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். “பதறாதீக. பின்னாடி ரூம்ல பாத்துட்டு வாரேன்.”

அவர் போனதும் தன் போனை எடுத்து மகனின் எண்ணை அழுத்தினாள்.

பக்கத்திலேயே மணி அடித்தது. தலையணைக்கு அடியில் அடிப்பதுபோல் அமுங்கிய சத்தம். ஓரடி முன்னால் போனாள். இன்னும் ஓரடி. கருப்பின் வயிற்றுக்குள் அடித்தது. தையல் இடுக்குகளில் போனின் வெளிச்சம் விட்டு விட்டு மினுங்கியது.

மணி நின்றது.

யாரோ எடுத்துவிட்டார்கள்.

காதில் வைத்தாள். கனத்த மூச்சு. பிறகு,

“அம்மா.”

போனிலும் கேட்டது. வயிற்றுக்குள்ளும் கேட்டது. காளையின் வாய் மூடியே இருந்தது.

“பாண்டி! சாமி! நீயாப்பா?”

“அம்மா.”

மகன் கூப்பிடுகிறானா, பசியெடுத்தால் அவளைப் பார்த்துக் கருப்பு கூப்பிடுமே, அந்தக் கூப்பாடா? ஒன்றைப் பெற்றவள், மற்றதை வளர்த்தவள். அவளுக்குத் தெரியவில்லை.

போனை எறிந்துவிட்டு மேடையில் ஏறினாள். மண்டியிட்டு, இன்னும் தளர்ந்திருந்த ஒரு தையலுக்குள் விரல்களை விட்டு இழுத்தாள். தோல் சுட்டது. உள்ளே ஏதோ துடித்தது. இன்னும் ஆழமாக, மணிக்கட்டு வரைக்கும் கையை நுழைத்தாள்.

உள்ளேயிருந்து யாரோ நூலை இழுத்து இறுக்கத் தொடங்கினார்கள். வால் பக்கத்திலிருந்து ஒவ்வொரு தையலாக, அவசரமே இல்லாமல், அவள் கையை நோக்கி.