வழுக்காத பனி

வாசலில், துடைத்துவிட்டதுபோல் காய்ந்து கிடந்த தார்ச்சாலையில், எண்டெலின் காரில், ஸ்டியரிங்குக்கு முன்னால், ஒரு மஞ்சள் எச்சரிக்கை விளக்கு மினுங்கத் தொடங்கியது. அதில் ஒரு குட்டிக் கார் படம், அதன் பின்னால் பாம்புபோல் நெளியும் இரண்டு கோடுகள். டயர் வழுக்குகிறது என்று அர்த்தம். அந்தச் சாலையில் வெண்ணெய்க் கட்டியை வைத்து யானை தள்ளினாலும் நகராது, அவ்வளவு சொரசொரப்பு.

எஸ்தோனியக் கடலில் கிடக்கும் அந்தத் தீவுக்கு ஒரே மெக்கானிக் ராய்வோ. தும்மல் சத்தத்தை வைத்தே எந்த வீட்டு இஞ்சின் என்று படுக்கையில் கிடந்தபடி சொல்லிவிடுவான். அவன் அரை நாள் காருக்கு அடியில் கிடந்துவிட்டு, முகமெல்லாம் கிரீஸுடன் எழுந்தான்.

"யோவ் எண்டெல், வண்டியில ஒரு கோளாறும் இல்லைய்யா. மினுங்கினா, சக்கரம் பிடிமானம் இல்லாம சுத்துது, கார் அதை அடக்கப் பாக்குதுன்னு அர்த்தம். நிலையா எரிஞ்சாத்தான் வியாதி."

"காஞ்ச ரோட்டுல எப்படிய்யா பிடிமானம் போகும்?"

"முன்பக்கம் வலது சக்கரம் மட்டும்தான். கீழே தரையே இல்லாத மாதிரி சுத்துது." சிரிக்க வாய் திறந்தவன், பாதியில் நிறுத்திக்கொண்டான். அங்கே ஓட்டுபவர் உட்காருவது இடது பக்கம்; வலது பக்க இருக்கை யாருடையது என்று தீவுக்கே தெரியும்.

போன பிப்ரவரியில், பழைய காரில், எண்டெலின் மனைவி விர்வே அந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தாள். கடல் உறைந்ததும் எதிர்க்கரை வரைக்கும் பனிமேல் பாதை போடுவார்கள். அதில் யாரும் சீட் பெல்ட் போடக் கூடாது. பனி உடைந்தால் குதிக்க வேண்டுமே. விர்வே தூங்கிப்போயிருந்தாள். தலை சரிகிறதே என்று, முப்பத்தெட்டு வருடப் பழக்கத்தில், எண்டெல் ஒரு கையை நீட்டி அவளுக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டார்.

பத்து நிமிடத்தில் பனி வாயைத் திறந்தது. அவர் குதித்தார்.

மூன்றாம் நாள் தூக்கினார்கள். அவளைத் தேவாலயத்துக்குப் பின்னால் புதைத்தார்கள். காரை நொறுக்கி இரும்புக்குப் போட்டார்கள்.

மதியம் எதிர்க்கரையிலிருந்து மகள் பீரெட் கூப்பிட்டாள். "அப்பா, இன்னிக்கு சாயங்காலம் பாப்பாவுக்குப் பேர் வைக்கிறோம். அம்மா பேரு. நீங்க வந்து முதல்ல கூப்பிட்டாத்தான் பேரு, சொல்லிட்டேன்."

"கடல்ல தண்ணி இறங்கிடுச்சும்மா. கப்பல் ஓடலை."

"பனிப்பாதை திறந்திருக்கேப்பா."

எண்டெல் ஆணியில் தொங்கிய கார் சாவியை எடுத்தார்.

"வரேன்," என்றார்.

பனிப்பாதைக் காவல்காரி மால்லே ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது கோட்டு போட்டிருந்தாள். உரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு குருவிதான் மிஞ்சும். "பெல்ட்டைக் கழட்டு மாமா. இருபத்தஞ்சுக்குக் கீழே போ, இல்ல நாப்பதுக்கு மேலே போ. நடுவுல ஊர்ந்தா அடியில அலை எழும்பி பனியைப் பொளந்துடும். செத்தா நீ பாட்டுக்குப் போயிடுவே, ஃபாரம் எழுதறது நான்தான்."

"தெரியும்டி."

"நீதான் கடைசி. கேட்டைப் பூட்டிட்டுப் போய் சூப் குடிக்கணும்."

பனியில் இறங்கியதும் அந்த மஞ்சள் விளக்கு அணைந்தது.

சூரியன் கடலோரத்தில் சிவந்த தழும்புபோல் ஒட்டிக்கொண்டிருக்க, பனிமேல் நீலம் மெல்ல ஏறிவர, டயர்களின் கரகரப்பும் ஹீட்டரின் மூச்சும் தவிர வேறெதுவும் கேட்காத அந்த வெளியில், எண்டெல் ஐம்பதில் போனார். ஈ நின்றாலும் சறுக்கி விழும் பனி அது. கார் சறுக்கவில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். பிரேக்கை மிதித்துப் பார்த்தார். பிசின் தடவியதுபோல் நான்கு சக்கரங்களும் பிடித்துக்கொண்டன. ஹீட்டரில் கடற்பாசி வாடை வந்தது. பிறகு ஈரக் கம்பளி வாடை.

பனிக்கு அடியில் இன்னொரு இஞ்சின் சத்தம்.

அவர் வேகம் கூட்டினால் கூட்டியது. குறைத்தால் குறைத்தது.

காற்று பனித்தூளைப் பெருக்கித் தள்ளியிருந்த இடம் வந்தது. கண்ணாடிபோல் கரும்பனி. அடியில் வெளிச்சம். தலைகீழாக ஒரு கார். உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்ததுபோல், அதன் நான்கு சக்கரங்கள் இவருடைய நான்கையும் தொட்டு உருண்டன.

"விர்வே."

பேத்தியைக் கூப்பிட வைத்திருந்த பெயர். இங்கேயே வாயைவிட்டுப் போய்விட்டது.

நாற்பத்தைந்து. நாற்பது. ஆக்ஸிலரேட்டரை அழுத்த வேண்டும். தெரியும். கால் அழுத்தவில்லை.

முப்பது.

தூரத்தில் பனி முனகியது. அவர் கதவைத் திறந்து குனிந்தார். அடியிலும் ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தே கிடந்தது, அவர் குதித்தபோது விட்ட மாதிரியே. இருக்கை காலி. பக்கத்தில் விர்வே, முடி அலைய, வேறு யாரும் உட்கார்ந்துவிடாதபடி அந்த இருக்கையின்மேல் கையை வைத்துக்கொண்டு, இவரைப் பார்த்துச் சற்றே நகர்ந்து இடம் விட்டாள்.