கண் பட்ட கதியால்

ஸல்ஹாவின் வயிறு காலையிலேயே எரிந்தது. குடித்தது வெறும் கஞ்சிதான், அதனால் வந்த எரிச்சல் இல்லை. பக்கத்துத் தோட்டத்து லைலாவின் வேலியைப் பார்த்ததால் வந்த எரிச்சல்.

"உம்மா, லைலாட கதியால் பத்தும் துளிர்த்திட்டுது!"

"நல்லதுதானே புள்ள," என்றார் உம்மா.

நல்லதாம்! ஸல்ஹாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மரக்கிளையை வெட்டி வேலியில் நட்டால் அது வேர்விட்டு மரமாகும். அதற்குத்தான் கதியால் என்று பெயர். மூன்று வாரங்களுக்கு முன், விவசாயப் போதனாசிரியர் ஞானசேகரம் குறிஞ்சாக்கேணிப் பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். சைக்கிளில் ஒரு கட்டுச் சீமைக்கிளுவைக் கதியால் இருந்தது. மிளகாய்த் தோட்டக்காரரின் பிள்ளைகள் வகுப்பில் இரண்டே பேர்தான். ஸல்ஹாவுக்குப் பத்து, லைலாவுக்குப் பத்து என்று பிரித்துக் கொடுத்தார்.

"இது வளர்ந்தால் கச்சான் காத்துக்கு உங்கட மிளகாய்க் கண்டு சாயாது. தழையை வெட்டி மண்ணில போட்டால் பசளை. மிச்சத்தை ஆடு தின்னும். எந்தப் பிள்ளையின்ர கதியால் அதிகம் துளிர்க்குதோ, அந்தப் பிள்ளைக்கு இது!"

அவர் தூக்கிக் காட்டியது ஒரு புத்தம்புதுப் பச்சைப் பூவாளி. மழைபோலத் தண்ணீர் தூவும். ஸல்ஹா ஓட்டை வாளியில்தான் தண்ணீர் சுமந்தாள். பாதித் தண்ணீர் அவளுடைய பாவாடைக்குத்தான் போகும். அந்தப் பூவாளி அவளுக்குக் கட்டாயம் வேண்டும்.

ஆனால் அவளுடைய கதியாலில் நான்குதான் துளிர்த்திருந்தன. லைலாவுக்கோ பத்தும். ஏற்கெனவே லைலாவின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கணக்கிலும் நூற்றுக்கு நூறு. ஒரே ஆளுக்கு எல்லாம் எதற்கு?

ஸல்ஹா தினமும் வேலியோரம் நின்று லைலாவின் துளிர்களை முறைத்துப் பார்த்தாள்.

ஒருநாள் பின்னேரம் லைலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள்.

"ஸல்ஹா, என்ட ரெண்டு கதியால் வாடிப் போச்சு. கண்ணூறாம். உம்மா சொல்றா. வாப்பா பள்ளிவாசல் லெப்பையிட்ட தண்ணி ஓதி எடுக்கப் போயிருக்கிறார்."

"ஆர் கண் வச்சதாம்?" ஸல்ஹா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"தெரியா. ஆரோ கெட்ட கண் உள்ள ஆள்."

ஸல்ஹா தன் இரண்டு கண்களையும் கசக்கிக்கொண்டாள்.

மறுநாள் தண்ணீருக்குப் போகும்போது லைலாவின் வேலியைப் பார்ப்பதே இல்லை என்று முடிவெடுத்தாள். கண்களை இறுக மூடிக்கொண்டு நடந்தாள். மூன்று அடி சரியாக வைத்தாள். நான்காவது அடியில், தொம்!

வாளி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். கண்ணைத் திறந்தபோது வாடிய கதியாலின் அடியில் அவள் மூக்கு இடித்துக்கொண்டிருந்தது. அங்கே பட்டையின் மேல் ஈரமண் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக ஊர்ந்தன.

"கறையான்!"

அப்படியென்றால் அவள் கண் இல்லை! ஸல்ஹாவுக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. அடுத்த நொடியே இன்னொரு எண்ணம் வந்தது. கறையான் மற்றக் கதியால்களுக்கும் ஏறும். இன்னும் ஒரு வாரத்தில் போதனாசிரியர் வருவார். பேசாமல் இருந்தால் பூவாளி அவளுக்குத்தான்.

யாரும் பார்க்கவில்லை. சுரண்டிய மண்ணை மறுபடி அப்பிவிட்டு எழுந்தாள்.

அப்போது லைலா ஒரு போத்தலை இரண்டு கைகளாலும் பிடித்தபடி வந்தாள். ஓதிய தண்ணீர். ஒரு சொட்டும் வீணாகாமல், உதடு முணுமுணுக்க, வாடிய கதியாலுக்கு ஊற்றினாள். ஸல்ஹாவுக்கு அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"லைலா, அது கண்ணூறு இல்ல. அடியில கறையான் ஏறியிருக்கு."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"விழுந்து பார்த்தனான்."

இருவரும் கறையான் மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். குசினி அடுப்பிலிருந்து சாம்பல் அள்ளி வந்து பத்துக் கதியாலின் அடியிலும் போட்டார்கள். லைலாவின் மூக்கிலும் கொஞ்சம் சாம்பல் போனது. அவள் தும்மிய தும்மலில் ஸல்ஹாவின் முகமெல்லாம் சாம்பலானது.

ஒரு வாரத்தில் போதனாசிரியர் வந்து எண்ணினார். லைலாவுக்கு ஒன்று பட்டுப்போய் ஒன்பது. ஸல்ஹாவுக்கு நான்கு.

பூவாளி லைலாவுக்குப் போனது. ஸல்ஹாவின் வயிறு மறுபடியும் எரிந்தது. இல்லை என்று எப்படிச் சொல்வது?

பின்னேரம் லைலா பூவாளியோடு வேலியடிக்கு வந்தாள்.

"இந்தா. காலையில உனக்கு, பின்னேரம் எனக்கு. இன்னொரு கதை இருக்கு. உன்ட ஆறு கதியாலும் ஏன் துளிர்க்கல்ல எண்டு எனக்குத் தெரியும்."

"ஏன்?"

"வேர் விட்டிட்டுதா எண்டு நீ ஒவ்வொரு நாளும் இழுத்து இழுத்துப் பார்க்கிறாய். பிறகு எப்பிடிப் புள்ள வேர் விடும்?"

"நீ அதைக் கண்டனீயா?"

"நானும் வேலிக்கு மேலால பார்த்துக்கொண்டுதானே இருந்தனான்."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

லைலா முக்காட்டு நுனியைக் கடித்தாள். "எனக்கும் பூவாளி வேணும்தானே!"

ஸல்ஹா அவளை முறைத்தாள். முறைப்பு நிலைக்கவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. லைலாவும் சிரித்தாள்.

மறுநாள் காலை ஸல்ஹா பூவாளியால் தண்ணீர் தூவினாள். பாவாடையில் ஒரு சொட்டும் படவில்லை. ஐந்தாவது கதியாலில் கடுகளவு பச்சை தெரிந்தது. வேர் விட்டிருக்குமோ? அவள் கை மெல்ல மெல்ல அதை நோக்கிப் போனது.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ஸல்ஹா! கையை எடு! கண்ணால மட்டும் பார்!"